வாசலைவிட அகலமான பீரோ

மச்சான்,

கொடியில் ஒரு துணி காய்கிறது. நாலு தடவை அலசியும் சிவப்பு போகவில்லை. பக்கத்தில் போனால் குங்கும வாசம், அதற்கு அடியில் பழைய லாரி பெயிண்ட் வாசம். அந்தப் பெயிண்ட் வாசம் உன் சட்டையில் எப்போதும் இருக்கும். அதனால்தான் உனக்கு எழுத உட்கார்ந்தேன். மூன்று நாளாக எழுதுகிறேன்.

எனக்கு எழுத வரும் என்று உனக்குத் தெரியாது. நீ செத்துப் போன பிறகுதான் கற்றுக்கொண்டேன். நம் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் சாயங்காலம் பெரியவர்களுக்கு வகுப்பு வைத்தார்கள். ரேகை வைத்த விரலால் இப்போது கையெழுத்துப் போடுகிறேன். மகள் வீட்டுக்குப் போக, யாரையும் கேட்காமல் 'பரமத்தி வேலூர்' பஸ்ஸைப் படித்து ஏறுகிறேன். ஏறிய பிறகும் ஜன்னலுக்கு மேல் எழுதியிருப்பதையெல்லாம் சத்தம் போட்டுப் படிக்கிறேன். பக்கத்து சீட்டுக்காரர் தூங்க முடிவதில்லை. 'ழு' போடும்போது என் நாக்கு வெளியே வந்துவிடுகிறது என்று உன் தங்கச்சி சிரிக்கிறாள். சிரிக்கட்டும். எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

ஆனால் உன்னிடம் சொல்ல வந்தது வேறு. உன் தங்கச்சி தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்துவிட்டது. ஆபரேஷன் ஆயிற்று. நடைதான் வரவில்லை. மகள் சக்கர நாற்காலி வாங்கிக் கொடுத்தாள். கட்டிலுக்கும் கக்கூஸ் கதவுக்கும் நடுவில் நீ செய்த பீரோ நிற்கிறது. அதற்கும் சுவருக்கும் நடுவில் நாற்காலி நுழைய ஒரு சாண் இடம் குறைகிறது.

"ஒண்ணுக்குப் போறதுக்காச்சும் ஒருத்தரைக் கூப்பிடாம இருந்தாப் போதுமுங்க" என்கிறாள். அவள் கேட்பது அது ஒன்றுதான். அதற்குப் பீரோ போக வேண்டும்.

நீ அதைக் கொண்டுவந்த நாளை நினைத்துப் பார்க்கிறேன். புதுச்சத்திரத்துக்கு மேற்கே காட்டுக்குள் இந்த வீட்டைக் கட்டி நாங்கள் குடிவந்த புதிது. நான் லாரியில் கிளீனர். வடக்கே போனால் திரும்பி வர இருபது நாள் ஆகும். அவள் தனியாக இருக்கப் பயந்தாள். நீ நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறையில் வெல்டர். ஒரு நாள் டெம்போவில் வந்து, உடைத்த லாரியின் தகடுகளை ஒவ்வொன்றாக இறக்கினாய். முழுசாகச் செய்தால் தூக்க முடியாது என்று வெல்டிங் மிஷினையே அறைக்குள் கொண்டுவந்து வைத்தாய். நான் தகட்டைப் பிடித்துக்கொள்ள, நீ ஒட்டினாய். பச்சைப் பெயிண்ட்டும் அடித்தோம். எல்லாம் முடிந்து வெளியே வரும்போதுதான் வாசலைப் பார்த்தாய். திரும்பிப் பீரோவைப் பார்த்தாய். இரண்டையும் சாண் போட்டு அளந்தாய்.

"மாப்ள, இது இனி வெளிய வராது."

"வெளிய எதுக்கு மச்சான் வரணும்?" என்றேன்.

இரண்டு பேரும் தரையில் உட்கார்ந்து சிரித்தோம். அவ்வளவுதான் நம் புத்தி.

உள்ளே பின்தகட்டில் மட்டும் நீ பெயிண்ட் அடிக்கவில்லை. அதில் ஏதோ எழுத்து இருந்தது. அது என்னவென்று உன் தங்கச்சி கேட்டாள். நீ யோசிக்கவே இல்லை.

"முனியப்பன் துணைன்னு போட்டிருக்குது அம்மிணி. இது ஊட்டுக்குள்ள இருக்கிற வரைக்கும் நீ தனியா இல்ல."

அன்றோடு அவள் பயம் போயிற்று. வெள்ளிக்கிழமை தோறும் சேலைகளை ஒதுக்கிவிட்டு அந்த எழுத்தின் மேல் குங்குமம் வைத்தாள். மகள் பிறந்து எழுத்துக் கூட்டும் வயது வருவதற்குள் எழுத்தெல்லாம் குங்குமத்துக்குள் மறைந்துவிட்டது.

போன வாரம் பழைய இரும்பு வாங்குகிறவர் இரண்டு ஆட்களோடு வந்தார். எல்லோரும் சேர்ந்து தள்ளியும் நாலு விரல் அளவுகூட நகரவில்லை.

"ஏனுங்க பெரியவரே, இது பீரோவுங்களா, டயர் கழட்டுன லாரிங்களா?"

"பாடி கட்டறவன் செஞ்சதுங்க."

"அப்பச் சாவியைக் குடுங்க, ஓட்டிட்டே போயிடறேன்."

உன் தங்கச்சி கட்டிலில் படுத்தபடியே சிரித்தாள். அவர் நெற்றியைத் துடைத்துக்கொண்டு, "கேஸ் வெச்சு வெட்டித்தானுங்க எடுக்கோணும்" என்றதும் சிரிப்பு நின்றுவிட்டது.

"வெட்டறதுங்களா? உள்ள சாமி பேரு இருக்குதுங்க. அதுக்கு நெருப்பு வெக்க நான் ஒத்துக்க மாட்டேன்."

அந்தத் தகட்டை மட்டும் விட்டுவிடலாமே என்று நான் சொன்னேன். "அதுவும் இதுவும் ஒண்ணா ஒட்டியிருக்குதுங்க, சூடு ஏறாம இருக்குமா?" என்று அவள் கேட்டாள். இரும்புக்காரர் கன்னத்தில் போட்டுக்கொண்டார். "பேசி முடிவு பண்ணிட்டுச் சொல்லுங்க, வாரேன்" என்று போய்விட்டார். வாசல் சுவரை இடிக்கலாம் என்றார் மருமகன். கூரை உட்கார்ந்திருப்பதே அந்தச் சுவர் மேல்தான். இடித்தாலும் அந்தக் கனத்தை யார் நகர்த்துவது? சும்மா தருகிறேன் என்று சொல்லிப் பார்த்தேன். வந்து பார்த்தவர்கள் காபி குடித்துவிட்டுப் போனார்கள்.

மறுநாள் காலையில் அவளே கூப்பிட்டாள். "ஏனுங்க, இப்பத்தான் உங்களுக்குப் படிக்கத் தெரியுமில்லீங்க. அந்த எழுத்தைத் தொடச்சு, சாமி பேரை உங்க வாயால ஒருக்காப் படிங்க. கேக்கறேன்."

எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. ஈரத்துணியை எடுத்துத் துடைத்தேன். குங்குமம் கட்டி கட்டியாக விழுந்தது. முதல் எழுத்து தெரிந்தது. 'ஒ'. ஒட்டகத்துக்கு டீச்சர் போட்டுக் காட்டிய அதே 'ஒ'. 'மு' எங்கே என்று தேடினேன். விரலை வைத்து ஒவ்வொன்றாகக் கூட்டினேன். 'ஒலி எழுப்பவும்.' மறுபடியும் முதலிலிருந்து கூட்டினேன். அதேதான்.

ஆயுசு பூராவும் லாரிக்குப் பின்னால் நின்று "வரட்டும், வரட்டும்" என்று கத்தியவன் நான். அந்த எழுத்து தினமும் என் மூஞ்சிக்கு நேராகத்தான் இருந்திருக்கிறது.

மச்சான், உனக்கும் படிக்கத் தெரியாது. ஆனால் சாமி பேரை லாரியின் நெற்றியில்தான் எழுதுவார்கள், பின்கதவில் எழுத மாட்டார்கள் என்பது பாடி கட்டுகிறவனுக்குத் தெரியாமலா இருக்கும்? எந்தத் தகடு எந்தப் பக்கம் என்று தொட்டே சொல்வாயே. தெரிந்துதான் சொன்னாயா? அவள் பயப்படுகிறாள் என்றுதான் சொன்னாயா? யாரிடம் போய்க் கேட்பேன்?

"என்னன்னு போட்டிருக்குதுங்க?" என்றாள். படுத்தபடியே கை கூப்பியிருந்தாள்.

உள்ளதைச் சொன்னால் அன்றைக்கே வெட்டி எடுத்துவிடலாம். நாற்காலி போகும். ஆனால் நான் வடக்கே கிடந்த அத்தனை நாளும் அவள் இந்தத் தகட்டை நம்பித்தானே கண்ணை மூடினாள்?

"முனியப்பன் துணை" என்று படித்தேன்.

"எழுத்துக் கூட்டித்தானுங்க படிச்சீங்க?"

"கூட்டித்தான்."

அவள் முகத்தில் எவ்வளவு பெருமை, மச்சான். படிக்கக் கற்றுக்கொண்டு, இல்லாததைப் படித்தேன். நீ வைத்த வெல்டிங்குக்கு மேல் நானும் ஒன்று வைத்துவிட்டேன்.

சக்கர நாற்காலி கூடத்தில் நிற்கிறது. அவளை நான்தான் தூக்கிக்கொண்டு போகிறேன். பக்கவாட்டில் திரும்பி, முதுகு பீரோவில் உரச உரசத்தான் போக முடியும். லோடு ஏற்றிய உடம்புதான். முழங்கால் மட்டும் நடுங்குகிறது. ஒவ்வொரு தடவையும் கூப்பிடுவதற்கு முன் அவள் கொஞ்ச நேரம் அடக்கிக்கொண்டு படுத்திருப்பது எனக்குத் தெரியும்.

நேற்று மத்தியானம் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன். தூக்கி இரண்டு அடி வைத்ததும், "அன்னிக்குப் படிச்சேனில்ல, அது வந்து…" என்று ஆரம்பித்தேன்.

அவள் என் கழுத்தை இறுக்கிப் பிடித்தாள்.

"பேசாம வாங்க. மூச்சு வாங்குதுங்க உங்களுக்கு."

கக்கூஸ் வரை கொண்டுபோய் விட்டேன். திரும்பி வரும்போதும் அவள் பிடி தளரவில்லை. அவள் கை என் கழுத்தில் இருக்கும்போது என்னால் சொல்ல முடியாது. இறக்கிவிட்ட பிறகோ, அவள் கண்ணை மூடிக்கொள்கிறாள்.