கெளுத்தியின் முதுகில் உன் கட்டைவிரல்

"மீனுக்கு இத்தினி பேரு தெரிஞ்சி வெச்சிக்கினு கீறீங்களே சார், முள்ளு எங்க கீதுன்னு மட்டும் தெரியலியா?"

கல்யாணமான புதிதில் கெளுத்தி கழுவப் போய் நான் விரலைக் குத்திக்கொண்டபோது நீ கேட்டது. இன்றும் குத்திக்கொண்டேன். விண்விண்ணென்று வலிக்கிறது. கேலி செய்யத்தான் ஆளில்லை.

விலங்கியல் வகுப்பில் நான் கெளுத்திப் பாடத்தை நன்றாகவே நடத்துவேன். செதில் கிடையாது, வாயைச் சுற்றி நாலு ஜோடி மீசை, முதுகில் ஒரு முள், பக்கத்துக்கு ஒரு முள். முதுகுத் துடுப்புக்குப் பின்னால் எலும்பே இல்லாத மெத்தென்ற கொழுப்புத் துடுப்பு. வரி இருந்தால் ஒரு இனம், இல்லாவிட்டால் வேறு இனம் என்றும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மானாம்பதி ஏரி மீனை நீ இரண்டு கூறாகப் பிரித்தாய். இரண்டிலும் வரியுள்ளதும் இருந்தது, இல்லாததும் இருந்தது. "எல்லாத்தையும் கலந்துட்டியே" என்றேன்.

"வரிய பாத்தா ஆவுமா? செத்தா வெளுத்துப்பூடும். கட்டவெரலால முதுவத் தடவிப் பாருங்க. மெத்துனு கீறது முன்னால கீற துடுப்போட ஒட்டிக்கினு கீதா, எடம் வுட்டுக் கீதா? ஒட்டிக்கினு கீறது கொயம்புல கரைஞ்சிடும். அத்த கடசில போடணும்."

புத்தகத்தைத் திறந்தேன். அங்கேயும் அந்தத் துடுப்பு தொடங்கும் இடம்தான் முக்கிய அடையாளம். மறுநாள் வகுப்பில் திருத்திச் சொன்னேன், நானே கண்டுபிடித்ததுபோல. சாயந்திரமே மாணவி ஒருத்தி மூலம் செய்தி உனக்கு வந்துவிட்டது.

"என் கட்டவெரலு பேர சொல்லலியாமே சார்?"

"நாளைக்குச் சொல்றேன்" என்றேன். சொல்லவில்லை. ஓய்வு பெற்றேன். நீயும் போய்ச் சேர்ந்துவிட்டாய்.

அன்று உன்னிடம் வந்து சொன்ன அந்த மாணவி இப்போது உத்திரமேரூரில் மீன் விற்கிறாள். இன்று காலை கெளுத்தி வாங்கப் போய், நாலு பேர் நிற்கும்போது அவளிடம் சொன்னேன்: "அந்தத் துடுப்புப் பாடம் என்னுது இல்லம்மா. எங்க வூட்டம்மா சொல்லிக்குடுத்தது."

"தெரியும் சார். உங்க வூட்டம்மாவே அப்பவே சொன்னாங்க. 'எங்க சாருக்குச் சொல்ல வெக்கம், வுடு'ன்னு சிரிச்சாங்க."

சொல்லிவிட்டேன் என்று உன்னிடம் சொல்ல வேகவேகமாக நடந்தேன். வாசல் பூட்டில் சாவியைப் போட்ட பிறகுதான் நினைவு வந்தது.

இதைப் படிக்கிறவர்களுக்கு ஒன்று: வீட்டில் யாரிடமாவது கற்றுக்கொண்டது இருந்தால், இன்றைக்கே பிறர் முன்னால், அவர் காதில் விழும்படி, அவர் பெயரைச் சொல்லிப் பாருங்கள்.