ஹந்தானை மலையில் தனியாக, யோகராஜோடு

என் அன்புக்குரிய ரஞ்சனின் அப்பா,

நீங்கள் போய்ச் சேர்ந்த இடத்தில் படம் காட்டுகிறார்களோ தெரியாது. காட்டினாலும் பெயர் ஓடி முடிவதற்குள் தூங்கியிருப்பீர்கள். ஆகவே நானே கதையைச் சொல்லிவிடுகிறேன்.

போன மாதம் நம் பேத்தி மெல்பேர்னிலிருந்து ஒரு படத்தைப் பார்க்கச் சொன்னாள். அதில் ஒரு வெள்ளைக்காரப் பல் வைத்தியர், பெண், ஒரு நாள் காலையில் கிளினிக்கைப் பூட்டிவிட்டு, தன் உயரத்துக்கு ஒரு பையைச் சுமந்துகொண்டு காட்டுக்குள் தனியே போகிறாள். தன்னைத் தேடுகிறாளாம். படம் முழுக்க நடக்கிறாள், அழுகிறாள், தலை சீவுவதேயில்லை. கடைசியில் மலை உச்சியில் நின்று சிரிக்கிறாள். எனக்கு விளங்கவில்லை. நான் படித்த கொன்வென்ட் விடுதியில் எங்களை மணியடித்து எழுப்பி, மணியடித்துச் சாப்பிட வைத்து, மணியடித்துத் தூங்க வைத்தார்கள். தன்னைத் தொலைக்க எங்களுக்கு நேரம் எங்கே கிடைத்தது?

அடுத்த நாள் ரஞ்சன் போனில் வந்தான். குளியலறையில் நான் ஒரு தரம் வழுக்கியதிலிருந்து அவனுக்கு ஒரே பேச்சுத்தான். பேராதனை வீட்டை வாடகைக்குக் கொடுத்துவிட்டு, நான் கொழும்புப் பக்கம் ஒரு முதியோர் இல்லத்துக்குப் போக வேண்டும்.

"அம்மா, அது சும்மா இல்லம் இல்ல. நீச்சல் குளம் எல்லாம் இருக்கு."

"இந்த வயசுல நான் எங்க நீந்திப் போக?"

"நீங்க தனியா இருக்க ஏலாதும்மா. அதான் விஷயம்."

அந்த 'ஏலாது' எனக்குப் பொறுக்கவில்லை. ஹந்தானை உச்சிக்குத் தனியே போய்த் திரும்பி வருகிறேன், வந்துவிட்டால் வீட்டைப் பற்றி மூச்சு விடக் கூடாது என்றேன். அவன் சிரித்துக்கொண்டே, "சரி, போய்ட்டு வாங்க பாப்போம்" என்றான். உங்கள் சிரிப்பு அது. அதனால்தான் இன்னும் கோபம் வந்தது.

நல்ல வெயில் நாளாகப் பார்த்துக் கிளம்பினேன். சேலைதான். உங்கள் நீளக் காலுறைகளைப் போட்டு, அட்டைப்பூச்சி கடிக்காமலிருக்கக் குளிக்கிற சவர்க்காரத்தை அவற்றில் தேய்த்துக்கொண்டேன். குடை, ஃபிளாஸ்க், முட்டை சான்ட்விச், மிச்சச் சவர்க்காரத் துண்டு. பாதையில் ஒருவர் விடாமல் கேட்டார்கள், "எங்க தனியாப் போறீங்க? சாப்பிட்டீங்களா?" மலையடிவாரக் கடைக்காரி உட்காரச் சொல்லிக் கதிரையே எடுத்துப் போட்டுவிட்டாள். படத்தில் அந்தப் பெண்ணை யாரும் இப்படிக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவள் தன்னைக் கண்டுபிடித்திருக்க மாட்டாள்.

பைன் மரங்களைத் தாண்டிப் புல்வெளிக்கு வந்தபோதுதான் ஏதோ குறைவதுபோல இருந்தது. என்னவென்று பார்த்தால், உங்கள் முதுகு. கல்யாணமான நாளிலிருந்து நீங்கள் முன்னால், நான் பின்னால். ரயில் போய்விடும் என்பதுபோல நடப்பீர்கள். ஸ்டேஷன் மாஸ்டரே நீங்கள்தானே, உங்களை விட்டுவிட்டு அது எங்கே போகும்? நான் கேட்டதேயில்லை. அன்று முன்னால் யாருமில்லாமல் பாதை முழுவதும் எனக்குத் தெரிந்தது. சொல்லத் தயக்கமாக இருக்கிறது, ஆனால் நன்றாக இருந்தது. பிறகு ஒரு கல்லில் உட்கார்ந்து கொஞ்சம் அழுதேன். படத்தில் அவளும் அழுதாள், ஆனால் கண் துடைக்கக் கைலேஞ்சி இல்லாமல்.

அப்போது பின்னால் ஒரு அலறல். "ஐயோ! அட்டை! அட்டை!"

கடைசிப் பைன் மரத்துக்குப் பின்னால் ஒரு தொந்தி இரண்டு பக்கமும் தெரிந்தது. நம் வீட்டு ஒழுங்கை முனையில் த்ரீவீலரை நிறுத்திச் சவாரி பிடிக்கிற யோகராஜ்.

"யோகராஜ், வெளிய வாங்க."

"நான் இங்க இல்லம்மா."

"இல்லாத ஆளை அட்டை எப்படிக் கடிச்சது?"

நொண்டிக்கொண்டு வந்தார். அட்டையைக் கண்டு துள்ளியதில் கால் பிசகிவிட்டது. "ரஞ்சன் ஐயாதாம்மா போன் பண்ணி, பின்னாலேயே போங்க, அம்மாவுக்குத் தெரியக் கூடாதுன்னாரு."

"தெல்தோட்டைத் தேயிலைத் தோட்டத்துல பொறந்தவன்னு சொல்வீங்களே, ஒரு அட்டைக்கா இந்தக் கூத்து?"

"பொறந்தேம்மா. சின்னதுலேயே டவுனுக்கு வந்துட்டேன். அட்டைக்கு நான் எங்க பொறந்தேன்னு தெரியுமா?"

சவர்க்காரத் துண்டை வைத்ததும் அட்டை விழுந்தது. கால் வீங்கத் தொடங்கியிருந்தது. உச்சி இதோ, கண்ணுக்கு முன்னால். யோகராஜும் அதைப் பார்த்தார். "நீங்க போய்ட்டு வாங்கம்மா, நான் இப்படியே கெடக்கேன்" என்றார். வானம் கறுத்துக்கொண்டு வந்தது. அந்த மனிதரை எப்படி விட்டுவிட்டுப் போவது? குடையை அவருக்கு ஊன்றக் கொடுத்து, தோளையும் கொடுத்து, இறங்கினோம். என் வாழ்க்கையில் அப்படி ஒரு பாரத்தைச் சுமந்ததில்லை. வழியெல்லாம் "மெதுவாம்மா, மெதுவா" என்று அவர்தான் என்னை மேய்த்தார்.

அன்றைக்கே, வீடு வந்து சேர்ந்ததும், ரஞ்சன் போனில் கேட்டான், "உச்சிக்குப் போனீங்களா?"

போனேன் என்று சொல்லியிருக்கலாம். நாக்கு நுனி வரை வந்தது. "இல்லை" என்றேன்.

"அப்போ தோத்துட்டீங்கம்மா."

இந்தச் சமையலறை, நீங்கள் சுவரில் கோணலாக அடித்த தட்டு, எல்லாம் போய்விட்டது என்றே நினைத்தேன். கதிரையில் காலை நீட்டி உட்கார்ந்திருந்த யோகராஜ் போனைப் பறித்துக்கொண்டார்.

"ஐயா, அம்மாவைப் பாத்துக்கன்னு என்னைய அனுப்புனீங்க. அம்மா இல்லாட்டி நான் இன்னும் மலையிலதான் கெடப்பேன். அவங்களுக்கு ஆள் தேட வேணாம். எனக்கு ஒரு ஆள் பாருங்க."

அந்தப் பக்கம் சிரிப்பு. இந்த முறை எனக்குக் கோபம் வரவில்லை. வாடகைக்குக் கேட்டு வந்தவரிடம் வீடு இல்லை என்று சொல்லிவிடுவதாகச் சொன்னான்.

இனி உங்களுக்கு என் வாக்கு. மழைக்காலம் தொடங்குமுன் அந்த உச்சிக்குப் போவேன், உண்மையிலேயே தனியாக. யோகராஜை அடிவாரக் கடையில் உட்கார வைத்து, ஒரு பிளேன்டீயும் இரண்டு ரோட்டியும் வாங்கிக் கொடுத்து, எழுந்தால் தெரியும் சேதி என்று மிரட்டி, கடைக்காரியிடம் ஒப்படைத்துவிட்டுத்தான் ஏறுவேன்.

தலை சீவிக்கொண்டு,
ரஞ்சனின் அம்மா