வடிகட்டியில் பழுப்புச் சேறு

செவ்வாய், தென்துருவ ஆய்வு நிலையம், குடில் 1
எழுதுவது: கோமதிநாயகம், பனி ஆய்வாளர்

பனிக்காலம், நாள் 58. 07:10
வெளியே மைனஸ் 121. வாசல் பனியை அள்ள ஐம்பது நிமிடம். நேற்றைவிட ஒரு சாண் கூடுதல். நாற்பது லிட்டர் உருக்கிக் குழாயில் அனுப்பினேன்.

இதை யார் கண்டெடுப்பீர்களோ தெரியாது, அதனால் ஒரு விளக்கம். நானூறு மீட்டர் தள்ளிக் குடில் 2, நடுவே வழிகாட்ட ஒரு கயிறு. அங்கே பெனடிக்டா அக்கா, குளச்சல்காரர், பொறியாளர். நான் உருக்கும் நீரும் என் கழிவுநீரும் அவருடைய வடிகட்டியில் புகுந்துதான் இரண்டு குடிலுக்கும் ஆக்சிஜன் ஆகிறது. அந்த இயந்திரம் அவர் பதினோரு வருடம் உட்கார்ந்து செய்தது. வடிகட்டி கெடும் என்பதால் இங்கே சோப்புக்குத் தடை. ஈரத்துணியால் துடைத்துக்கொள்ளலாம், அவ்வளவுதான்.

நாள் 63, சனிக்கிழமை. 16:30
குதிகால் வெடித்துவிட்டது. காலையில் மூக்கில் ரத்தம். தலை அரிப்பைப் பற்றி எழுத ஆரம்பித்தால் பக்கம் போதாது.

எண்ணெய் தேய்த்துக் குளித்தேன். நல்லெண்ணெய் 'மூட்டுவலித் தைலம்' என்றும், சீயக்காய் 'செரிமானப் பொடி' என்றும் பெயர் மாற்றிக்கொண்டு பூமியிலிருந்து வந்தவை. விதியில் சோப்பு என்றுதான் போட்டிருக்கிறது. சீயக்காய் சோப்பா? எங்கள் திருநெல்வேலியில் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். எண்ணெய்க் குளியல் அன்று பகலில் தூங்கக் கூடாது என்பார்கள். சுகமாகத் தூங்கினேன்.

நாள் 78. 09:15
மூன்று சனிக்கிழமை குளித்தாகிவிட்டது. இன்று குடில் 2-லிருந்து ரேடியோவில்:

"தம்பி, வடிகட்டி அடைக்கு. பழுப்பா சேறு. ஒனக்க ஐஸ்ல மண்ணு ஜாஸ்தியா வருதா?"

செவ்வாய் மண்ணும் சீயக்காயும் ஏறக்குறைய ஒரே நிறம்.

"இருக்கும்க்கா," என்றேன்.

நாள் 79. 10:00
"நாந்தான் வாராவாரம் கழட்டிப் பாத்திருக்கணும் மக்களே. சோம்பப்பட்டுட்டேன். எனக்க தப்பு," என்றார் அக்கா ரேடியோவில். அவர் ஊரில் 'மக்களே' என்றால் 'மகனே'.

மண் என்று நம்பித் தண்ணீரைப் பின்பக்கமிருந்து பீய்ச்சிக் கழுவுகிறார். எண்ணெய்ப் பிசுக்கை அப்படிக் கழுவினால் இன்னும் ஆழமாகத்தான் ஏறும். காரக் கரைசலில் ஒரு மணி நேரம் ஊறப்போட்டால் போய்விடும். கரைசல் அவர் அலமாரியிலேயே இருக்கிறது. நான் எண்ணெய் என்று ஒரு சொல் சொன்னால் போதும். மைக்கை எடுத்தேன்.

"சாப்ட்டீங்களாக்கா?" என்று கேட்டேன்.

எனக்கு வயது நாற்பத்தேழு. திருட்டுத்தனமாகக் குளித்தேன் என்று ஒரு பெண்மணியிடம் சொல்ல வாய் வரவில்லை.

நாள் 81. 11:40
"கடைசி வடிகட்டியும் போச்சு. காத்து கொறையுது, தலை வலிக்கு. ஒனக்க குடில்ல அவசர சிலிண்டர் கெடக்குல்லா, ரெண்டு பேருக்குத் தாங்கும். கயித்தப் பிடிச்சே நடந்து வாரேன். வாசப் பனிய அள்ளிப் போடு மக்களே."

பனி கொட்டுகிறது. குடில் 2-இன் விளக்கு தெரியவில்லை.

நாள் 81. 17:05
பொதுக் குறிப்பேட்டில் வேறு மாதிரி எழுதியிருக்கிறேன். இதில் உள்ளதுதான் உண்மை.

பனி அள்ளப் போகவில்லை. குளியலறையைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். தரையெல்லாம் பிசுபிசுப்பு, மூலையில் பொடி. அவர் உள்ளே வந்தால் முதலில் பார்ப்பது அதைத்தான்.

12:20, அவர் குரல்: "வாசலுக்கு வந்துட்டேன். பனி மூடிக் கெடக்கு, கதவு எங்கன்னே தெரியல. கையொறை சூடாவல்ல. வா மக்களே, சீக்கிரம்."

"இதோ வாரேன்க்கா."

அப்புறம் பாட்டிலை ஒளித்தேன். பொடியைத் துடைத்த துணியையும் ஒளித்தேன். இன்னொரு முறை தரையைத் துடைத்தேன். வெளியே போனது 12:39. பத்தொன்பது நிமிடம். கடிகாரம் பார்த்துத்தான் எழுதுகிறேன்.

பனியில் உட்கார்ந்திருந்தார். இடது கையால் பாதி வாசலைத் தோண்டியிருந்தார்.

"வந்துட்டியா," என்றார். கோபமே இல்லை.

நாள் 83. 08:30
வலது கையில் மூன்று விரல்களை மருத்துவ இயந்திரம் எடுத்துவிட்டது. என் படுக்கையில் படுத்திருக்கிறார். கஞ்சியை நான்தான் ஊட்டுகிறேன்.

"நீ வந்து தூக்கலேன்னா நான் செத்திருப்பேன் மக்களே," என்கிறார். நேற்றிலிருந்து ஏழு முறை சொல்லிவிட்டார். ஒவ்வொரு முறையும் கரண்டியைப் பார்க்கிறேன்.

நாள் 83. 14:10
தலைமையகம் அறிக்கை கேட்கிறது. கையில் கட்டு இருப்பதால் அவர் சொல்லச் சொல்ல நான் தட்டச்சு செய்தேன்.

"பராமரிப்புத் தவறு. பொறுப்பு, பொறியாளர் பெனடிக்டா. அப்படியே போடு, மழுப்பாத."

போட்டேன். அனுப்பப் போகும்போது மூக்கை உறிஞ்சினார்.

"தம்பி, இஞ்ச சீயக்கா மணக்குல்லா?"

"எனக்கு ஒண்ணும் தெரியலியேக்கா."

இன்னொரு முறை மூக்கை உறிஞ்சிப் பார்த்தார். பிறகு கண் நிறைந்துவிட்டது.

"அப்போ காத்து கொறஞ்சதுல எனக்க மூளையும் போச்சு. அதையும் எழுது. இனிமே என்னய மெஷின் பக்கம் விடக் கூடாதுன்னு எழுது."

எழுதினேன். வாசித்துக் காட்டச் சொன்னார். வாசித்தேன்.

"செரி, அனுப்பு," என்றார்.

14:32. அனுப்பிவிட்டேன்.