பட்டியலில் மூன்றாவது பெயர்

வடக்குப்பட்டு, ஒரகடம் வழி
12-6-1964

அன்புத் தம்பி இருதயசாமிக்கு, அக்கா சகாயமேரி ஆண்டவரை வேண்டி எழுதுவது.

இதை உட்கார்ந்து படி. அப்பா போய்விட்டார். பெரியப்பா மகன் யேசுராஜ் நம் கழனி வரப்பை வெட்டித் தன்னோடு சேர்த்துக்கொண்டான். கேட்கப் போன அப்பாவை மண்வெட்டிக் காம்பால் மண்டையில் அடித்தான். எட்டு நாள் பேச்சு இல்லாமல் கிடந்து, ஒன்பதாம் நாள் விடியும்போது போனார். போலீஸ் வந்தது. யேசுராஜ் ஒரு தாளை நீட்டினான். கழனியைப் போன வருஷமே எழுதிக் கொடுத்துவிட்டதாக அதில் அப்பாவின் கைநாட்டு இருக்கிறது. உரம் வாங்கித் தருகிறேன் என்று சொல்லி வாங்கிய கைநாட்டு அது. தன் நிலத்தில் வம்புக்கு வந்தார் என்று சொல்லித் தப்பிவிட்டான். அப்பாவுக்கு எழுத்தும் ஒன்றுதான், எறும்பு வரிசையும் ஒன்றுதான்.

நீ சுமத்ராவில் பழைய புகையிலைத் தோட்டத்து நிலத்தில் குடிசை போட்டு, மரவள்ளி நட்டிருப்பதாக எழுதியிருந்தாய். கையில் காகிதம் இல்லை என்றும் எழுதியிருந்தாய். அட மக்கு, காகிதம் இல்லாத நிலம் ஒரு நிலமா? பதிவு என்று எவன் வந்தாலும் முதல் ஆளாகப் போய் நில். கைநாட்டு வைக்காதே. அடுத்தவன் எழுதவும் விடாதே. தலையில் குட்டிக் குட்டி நான் சொல்லிக்கொடுத்த எழுத்தில் உன் பெயரை நீயே எழுது.

உன்னோடு ஒரே கப்பலில் போன கோபாலைக் கேட்டதாகச் சொல். அவன் பெண்சாதி ரத்னா குன்றத்தூரிலிருந்து தாய்வீட்டுக்கு வரும்போதெல்லாம், அவனுக்காக நீ எழுதும் கடிதங்களை எடுத்துவந்து என்னைப் படிக்கச் சொல்வாள். "எங்க வூட்டுக்காரு இவ்ளோ அழகா பேசுவாராக்கா? எல்லாம் உன் தம்பி சேத்து எழுதிக்கினு கீறாரு" என்று சிரித்தாள். சேர்த்து எழுது, தப்பில்லை.

உன் அக்கா
சகாயமேரி


சுமத்ரா, பிஞ்சாய் வழி
3-11-1964

அன்புள்ள அக்காவுக்கு, தம்பி இருதயசாமி அநேக தோத்திரம்.

அப்பாவுக்காக அழுது முடித்துவிட்டுத்தான் எழுதுகிறேன். இந்தக் கடிதம் தபாலில் சேருவதே பெரும்பாடு. எங்கள் கம்போங்கிலிருந்து, இங்கே கிராமத்துக்கு அதுதான் பெயர், கோபாலின் மாட்டு வண்டியில் ஆறு மைல் சேறு. பிறகு பிஞ்சாய்க்கு லாரி. அங்கிருந்து மேடானுக்கு ரயில். வண்டி சேற்றில் சாய்ந்தால் அவன் மாட்டைத் திட்டமாட்டான், என்னைத்தான் திட்டுவான். "நீ குந்திக்கினு கீற பக்கம்தாண்டா சாயுது" என்பான்.

போன மாதம் தோட்டத்துக்காரர்கள் எங்கள் மரவள்ளியை உழுதுபோட டிராக்டர் கொண்டுவந்தார்கள். பெண்கள் குறுக்கே படுத்தார்கள். என் மனைவி சுமினாவும் படுத்தாள், ஆறு மாதக் கர்ப்பிணி. காவல்காரன் பூட்ஸ் காலால் உதைத்தான். பிள்ளை செத்துப் பிறந்தது. வாழைக்கு அடியில் புதைத்தேன். அடுத்த நாள் நானும் பக்கத்து வீட்டுக் கர்ஜோவும் மண்ணெண்ணெய் ஊற்றி டிராக்டரைக் கொளுத்தினோம். அது எரியும்போது சந்தோஷமாக இருந்தது அக்கா. பாவசங்கீர்த்தனம் செய்ய இங்கே தமிழ் தெரிந்த சாமியாரும் இல்லை.

இப்போது விவசாயிகள் சங்கத்தில் பெயர் எழுதுகிறார்கள். பட்டியலில் இருப்பவருக்கு நிலக் காகிதம் கிடைக்குமாம். எழுதுவது கர்ஜோதான். அவன் பெயரும் அவன் அண்ணன் பெயரும் முதலில், மூன்றாவதாக நான். நீ சொன்னபடியே பேனாவை வாங்கி, தமிழில் நானே எழுதினேன். கர்ஜோ சிரித்தான், தடுக்கவில்லை. கோபால் பெயர் கொடுக்க வரவில்லை. அடுத்த வருஷம் பார்க்கலாம் என்கிறான், நிலத்துக்கு ஆசை மட்டும் நிறைய.

உன் தம்பி
இருதயசாமி


வடக்குப்பட்டு
20-1-1966

அன்புத் தம்பிக்கு,

பதினான்கு மாதமாக ஒரு வரி இல்லை. உன் தேசத்தில் ஆட்களை வெட்டி ஆற்றில் போடுவதாகப் பேப்பரில் வருகிறது. பூசைக்குப் போனால் ஜெபம் வரவில்லை, உன்மேல் கோபம்தான் வருகிறது.

இங்கேயும் ஒன்று நடந்தது. அறுவடைக்கு யேசுராஜ் நம் கழனியில் இறங்கினான். நான் அரிவாளோடு போனேன். கழுத்துக்குத்தான் வீசினேன், காதோடு போயிற்று. கேஸ் நடக்கிறது. வரப்பு பழைய இடத்துக்கு வந்துவிட்டது.

ரத்னா வாரா வாரம் வந்து வாசலில் உட்கார்ந்துவிடுகிறாள். "ரெண்டு பேரும் ஒண்ணாத்தானே போனாங்க, ஒண்ணாத்தானே வருவாங்க" என்கிறாள். உயிரோடு இருந்தால் எழுது தம்பி. இரண்டு பேரும் இருக்கிறோம் என்று எழுது.

உன் அக்கா


சுமத்ரா
8-5-1966

அக்காவுக்கு,

நான் உயிரோடு இருக்கிறேன். படித்ததும் இதை அடுப்பில் போடு.

போன அக்டோபரில் தலைநகரில் தளபதிகளைக் கொன்றுவிட்டார்கள். பழி கம்யூனிஸ்டுகள் மேல் விழுந்து, அவர்களோடு சேர்ந்த எங்கள் சங்கத்தின் மேலும் விழுந்தது. நிலத்துக்காக நாங்கள் எழுதிய பட்டியல் சிப்பாய்கள் கைக்குப் போனது. டவுனிலிருந்து கத்தியோடு ஆட்களைக் கூட்டிக்கொண்டு, வரிசைப்படி வந்தார்கள். முதலில் கர்ஜோ. காலையில் ஆற்றில் மிதந்தான். தலை இல்லை, சட்டையை வைத்துத்தான் தெரிந்தது. அடுத்து அவன் அண்ணன். வீட்டு வாசலில், பிள்ளைகள் பார்க்க வெட்டினார்கள்.

மூன்றாவது பெயரை யாராலும் படிக்க முடியவில்லை. தமிழ் எழுத்து என்று ஒருவன் சொல்ல, தமிழ் படிக்கத் தெரிந்தவன் என்று என்னைப் பிடித்து இழுத்து வந்தார்கள். "இது யார் பெயர்? படி" என்றார்கள். ஊர்க்காரர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். அந்த நேரம் பார்த்து, எட்டு நாள் மலைப்பக்கம் விறகு ஏற்றப் போயிருந்த கோபால் வண்டியோடு வந்து நின்றான். அவனுக்கு எதுவும் தெரியாது.

நான் கோபால் என்று படித்தேன்.

அவன் முகத்துக்கு நேரே தாளைக் காட்டி, உன் பெயரா என்று கேட்டார்கள். அவனுக்குத்தான் எழுத்தே தெரியாதே. என்னைப் பார்த்தான். "ஆமான்னு சொல்லுடா, நெலத்துக்கு எழுதறாங்க. உன் பேரையும் சேத்துட்டேன்" என்றேன். "எனக்குமாடா?" என்று சிரித்தான். தலையாட்டினான். ரப்பர் மரங்களுக்குள் கூட்டிப்போனார்கள். போகும்போது, "மாட்டுக்குத் தண்ணி காட்டு" என்று சொல்லிவிட்டுப் போனான். மூன்று வெட்டு கேட்டது.

சுமினா பக்கத்தில்தான் இருந்தாள். எனக்குச் சோறு போடாமலே தாய்வீட்டுக்குப் போய்விட்டாள். கம்போங்கின் புதுத் தலைவர் நிலத்துக்குக் காகிதம் கொடுத்துவிட்டார், என் பெயரிலேயே. அந்த மண்ணில் நடக்க முடியவில்லை. கோபாலின் மாடுகளை விற்றுக் கப்பல் சீட்டு வாங்கியிருக்கிறேன். ஆகஸ்டில் வருகிறேன். காய்ச்சலில் போனான் என்று ரத்னாவிடம் சொல்லிவிடு. கழனியில் பங்கு கேட்கமாட்டேன், படுக்க ஒரு மூலை போதும். வா என்று ஒரு வரி எழுது அக்கா.

இருதயம்


வடக்குப்பட்டு
2-7-1966

இருதயசாமிக்கு,

உன் கடிதத்தை அடுப்பில் போடவில்லை. மூன்று நாள் அரிசிப் பானைக்குள் வைத்திருந்தேன். பிறகு, காய்ச்சல் என்று சொல்லத்தான் குன்றத்தூருக்குப் போனேன்.

ரத்னா மோர் கொடுத்தாள். பழைய கடிதம் ஒன்றைக் கொண்டுவந்து இன்னொரு தடவை படிக்கச் சொன்னாள். உன்னைப் பார்க்காமல் நான் கண்மூட மாட்டேன் என்று அதில் இருந்தது. அவன் சொன்னதோ, நீ எழுதியதோ தெரியாது. என்னால் பொய் சொல்ல முடியவில்லை. புதுக் கடிதத்தை எடுத்து, ஒரு வரி விடாமல் படித்தேன்.

அம்மிக் குழவியை எடுத்து என்னை அடித்தாள். தோள் எலும்பு முறிந்துவிட்டது. இரண்டாவது அடிக்கும் அங்கேயேதான் உட்கார்ந்திருந்தேன். திண்ணையில் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த கோபாலின் தம்பி ரகுபதி வந்து அவளைப் பிடித்துக்கொண்டான். அப்புறம் சத்தமே போடாமல் சொன்னான்: "ஒண்ணும் ஆவல, எல்லாம் சரியாக் கீது, வாடான்னு எழுதிப் போடுக்கா. கப்பல் வந்து நிக்கட்டும். மீதிய நாங்க பாத்துக்கறோம்." ரத்னாவும் அதையேதான் கேட்டாள்.

நான் அப்படி எழுதவில்லை. வராதே. வந்தால் உன்னை வெட்டுவார்கள், ரகுபதி தூக்குக்குப் போவான், புகுந்த வீட்டில் ரத்னாவுக்கு இருக்கிற ஒரே ஆள் அவன்தான். அதற்காகச் சொல்கிறேன், உனக்காக அல்ல. அவர்களுக்குத் தப்பி வந்தாலும் என் கதவு திறக்காது. நானும் அரிவாள் எடுத்தவள்தான், யோக்கியம் பேச வரவில்லை. யேசுராஜுக்கு நான் அரிவாளோடு வருவது தெரிந்தது. கோபாலை நீ சிரிக்க வைத்து அனுப்பினாய். உன் பெயரை உன் கையால் எழுது என்று சொன்னவள் நான். அதை நான் சாகும்வரை சுமப்பேன். மற்றது உன்னுடையது.

எனக்கு இனிமேல் எழுதாதே. அவளுக்கு ஒரே ஒரு கடிதம் எழுது. அவரை எந்த மரத்தடியில் போட்டார்கள், மேலே மண் தள்ளினார்களா, இல்லை ஆற்றிலா என்று கேட்கிறாள். நான் போய்ப் படித்துக் காட்டுகிறேன். அது தெரியாமல் தாலியைக் கழற்றமாட்டேன் என்று உட்கார்ந்திருக்கிறாள்.

ரத்னா, கோபால் பெண்சாதி, மலையடிவாரத் தெரு, குன்றத்தூர். விலாசம் இதுதான்.

சகாயமேரி