மகளுக்கு ஒரு மூட்டை

தை மாதம், வெள்ளி.

புது அரிசி வந்தால் கடையிலேயே வடித்து, தின்று பார்த்துத்தான் மூட்டை எடுப்பேன். இன்று தின்னவில்லை. சர்க்கரைக்கு அரசு ஆஸ்பத்திரியில் கொடுத்த அட்டைப்படி தட்டில் பாதி காய், கால்வாசிதான் சோறு. என் பங்கு மதியமே முடிந்துவிட்டது. மனைவியை ருசி பார்க்கச் சொன்னேன்.

"அரிசி யாவாரி வாய்க்கே பூட்டா? நல்லாருக்குங்க, எடுங்க" என்று சிரித்தாள்.

சாயங்காலம் சார்ஜாவிலிருந்து மகள் பேசினாள்.

"அத்தா, நடந்தீங்களா?"

"நடந்தேம்மா. நீ எப்ப வர்றே?"

"லீவு கெடைக்கட்டும், அத்தா."

ஒரு மூட்டையை விற்காமல், அவள் வருவதற்குள் பழசாகட்டும் என்று உள்ளே போடச் சொன்னேன். பழைய அரிசியில் வடித்த உதிரிச் சோறுதான் அவளுக்குப் பிடிக்கும். எத்தனை நாளானாலும் அரிசி தாங்கும். நான்தான் தாங்க வேண்டும். காலையில் வாய்க்கால் கரையில் இன்னும் கொஞ்சம் தூரம் நடக்கணும்.