பெரியப்பா மலைக்கு அடிவாரத்தில் ஓர் ஊர்

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம், அம்மாவின் முழங்கால்கூட இந்த வாரம் சொன்ன பேச்சைக் கேட்கிறது. நீயும் வேளாவேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருப்பாய் என்று நம்புகிறேன்.

நீ கேட்டபடி அந்த வரைபடத்தை நம் கடை மெஷினிலேயே பெரிய துணியில் அச்சடித்துவிட்டேன். சிநேகிதர்களோடு பகடை உருட்டி, ஆளுக்கொரு வேடம் எடுத்துப் பேசி ஆடும் விளையாட்டு, அதற்கு இல்லாத உலகம் ஒன்று வேண்டும் என்றாய், சரி. அந்த உலகத்துக்கு நம் சொந்தக்காரர்களின் பெயரை வைத்திருப்பதை மட்டும் சொல்லவில்லை. மை காயட்டும் என்று கடை முன்னால் தொங்கவிட்ட பிறகுதான் படித்தேன். 'சின்ன அத்தைச் சதுப்புநிலம், மாட்டியவர் எளிதில் மீள முடியாது' என்று இருந்தது. அத்தை வந்து பார்த்தாள், பச்சைப்பசேலென்று இருக்கிறது என்று சந்தோஷமாகப் போட்டோ எடுத்துக்கொண்டு போனாள். அந்த மட்டில் தப்பித்தாய்.

அடுத்து வந்தது பெரியப்பா. மாடியிலிருந்து இறங்கி வழக்கம்போல பேப்பர் படிக்க வந்தார். நான் அவசரமாகத் துணியைச் சுருட்டப் போய் பாதி மை என் சட்டையில். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வோர் எழுத்தாகப் படித்தார். 'பெரியப்பா எரிமலை. காரணமில்லாமல் வெடிக்கும். அருகில் யாரும் வசிப்பதில்லை.' மெஷின் ஓட்டுபவர் தண்ணீர் குடிக்கப் போனவர் திரும்பி வரவே இல்லை. கடைக் கண்ணாடி போச்சு என்றே நினைத்தேன். பெரியப்பாவோ சத்தமே போடவில்லை. "இப்பல்லாம் நான் வெடிக்கிறதே இல்லையேடா, மாடியில வெடிக்கிறதுக்கு யாரு இருக்கா" என்றார். பெரியம்மா போன பிறகு அவர் தனியாகச் சமைத்துத் தனியாகச் சாப்பிடுவது தெரியும், தெரிந்து என்ன செய்தோம். தண்ணீர் வேண்டுமா என்று கேட்டேன். வேண்டாமாம். "புள்ளகிட்ட சொல்லு, அடிவாரத்துல ஒரு ஊரு போடட்டும். பெருசா வேணாம், நாலு வீடு, ஒரு டீக்கடை" என்றார். எரிமலை வெடித்தால் ஊர் என்னாவது என்று கேட்டுவிட்டேன், வாய் சும்மா இருக்கிறதா. "அத நான் பாத்துக்கிறேன்" என்றார்.

அம்மாவிடம் சொன்னேன். அவள் நேரே மாடிப்படியில் போய் நின்று, ராத்திரிச் சாப்பாடு இனிமேல் கீழேதான் என்று கத்தினாள். முதல் நாளே உப்பு அதிகம் என்று பெரியப்பா தட்டைத் தள்ளினார். அம்மா திரும்ப இழுத்து வைத்து இன்னொரு கரண்டி போட்டாள். சாப்பிட்டார். மறுநாளும் வந்தார், உப்பு குறைவாம்.

ஆகவே ஊரைச் சேர்த்துப் புதிதாக அனுப்பு, மறுபடி அச்சடிக்கிறேன். கண்ணைக் கெடுத்துக்கொள்ளாமல் வரை, போர்த்திக்கொண்டு தூங்கு. நீ நினைத்ததெல்லாம் கைகூடி நல்லபடியாக இருக்க நாங்கள் மூன்று பேரும் வாழ்த்துகிறோம். இன்னொன்று, வடக்கு மூலையில் பெயர் போடாத ஒரு சின்னக் குட்டை இருக்கிறது. யாருக்காவது ஒதுக்கியிருக்கிறாயா என்று தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன், வேறொன்றுமில்லை.

இப்படிக்கு,
எந்த மூலையிலும் பெயர் இல்லாத
உன் அப்பா