ராஜினாமா செய்யாத பிராது

விருத்தாசலம்,
ஐப்பசி மாதம், திங்கட்கிழமை.

அன்பு மகன் நிலவனுக்கு அம்மா எழுதிக்கொண்டது. இங்கே நானும் அப்பாவும் மழையிலும் சளியிலும் விழாமல் நலமாக இருக்கிறோம். நீ அந்த மஸ்கட் வெயிலில் நேரத்துக்குச் சாப்பிட்டு, நேரத்துக்குத் தூங்கி, உடம்பு இளைக்காமல் இருக்கிறாய் என்று நினைத்துக்கொண்டு எழுதுகிறேன், இல்லையென்றாலும் இருக்கிறேன் என்றே பதில் சொல்லு. போன் இருக்கும்போது இவள் எதற்குக் கடிதம் எழுதுகிறாள் என்று கேட்பாய். போனில் நான் ராஜாங்கம் என்று வாயைத் திறந்தாலே விடும்மா பழச என்று சொல்லி வைத்துவிடுகிறாய். கடிதத்தை அப்படி வைக்க முடியாது பார். மங்கலம்பேட்டை சுக்கூர் பாய் லீவு முடிந்து வெள்ளிக்கிழமை கிளம்புகிறார், அவரிடம் பருப்புப் பொடியும் நார்த்தங்காய் ஊறுகாயும் கொடுத்துவிடுகிறேன், கூடவே இதையும். பொடியை எடுத்துக்கொண்டு கடிதத்தை ஓரமாகப் போட்டுவிடாதே, முழுக்கப் படி.

அப்பாவுக்கு செராமிக் கம்பெனியில் பியூஸ் கட்டை வேலை வழக்கம் போலத்தான், மண் தூசியில் இருமுகிறார், துணி கட்டிக்கொள்ளச் சொன்னால் கேட்பதில்லை. எனக்குக் கார்த்திகைக்கு அகல் விளக்கு ஆர்டர் குவிந்து கிடக்கிறது, குனிந்து குனிந்து தேய்த்து முதுகு விட்டுப்போகிறது. அதெல்லாம் கிடக்கட்டும். மூன்று வருஷமாக நீ ஊர்ப்பக்கம் வரவில்லை. லீவு கிடைக்கவில்லை என்கிறாய், சுக்கூர் பாய்க்குக் கிடைக்கிற லீவு உனக்கு மட்டும் ஏன் கிடைக்கவில்லை. யார் முகத்தில் விழிக்கக் கூசிக்கொண்டு நீ வராமல் இருக்கிறாய் என்று பெற்றவளுக்குத் தெரியாதா. அதற்காகத்தான் இந்தக் கடிதமே.

உன் பழைய முதலாளி ராஜாங்கத்தின் கார் கடை படுத்துவிட்டது. இதை எழுதும்போது எனக்கு வாய் நிறையச் சிரிப்பு வருகிறது, ஒருவன் கெட்டதற்கு இப்படிச் சிரிக்கலாமா என்று நீ நினைத்தால் நினைத்துக்கொள். கடலூர் ரோட்டில் அந்தக் கண்ணாடிக் கட்டடத்து வாசலில் வாரத்துக்கு நாலு புது வண்டிக்கு மாலை போட்டு, பூசணிக்காய் உடைத்து, அட்டையில் பெரிய சாவி செய்து வாங்குகிறவர் கையில் கொடுத்து போட்டோ எடுப்பீர்களே, அந்த அட்டைச் சாவி இப்போது வாட்ச்மேனுக்கு வெயில் மறைக்கக் கட்டியிருக்கிறது. பின்பக்கம் பெரிய பெரிய வண்டிகளாக வரிசையாக நிற்கின்றன, சக்கரத்தைச் சுற்றிப் புல் முளைத்துவிட்டது, ஒரு வண்டி மேல் நாய் ஏறிப் படுத்திருந்தது. நானே பஸ்ஸில் போகும்போது எட்டிப் பார்த்தேன். ஒரு தடவை பார்த்தது போதாமல், வேலை எதுவும் இல்லாமலே இன்னொரு நாளும் அதே பஸ்ஸில் ஏறிப் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன்.

என்ன ஆயிற்று என்றால், ஆதார் அட்டையைக் காட்டினாலே வண்டிக்குக் கடன் கொடுத்துக்கொண்டிருந்த பைனான்ஸ்காரர்கள் இந்த வருஷம் கையை இறுக்கிவிட்டார்கள். உன்னோடு அந்தக் கடையில் வேலை பார்த்த தமிழ்மணி வந்து சொன்னான், நாலு பேருக்கு லோன் எழுதிப் போட்டா மூணு பேர தள்ளிடுறாங்கம்மா, சம்பளச் சீட்டு கேக்குறாங்க, வெள்ளாமை பண்றவங்களுக்கு ஏது சம்பளச் சீட்டு என்று. கடன் இல்லாமல் கைக்காசோடு வருகிற ஒன்றிரண்டு பேரும் முன்னே மாதிரி வண்டிக்குள் உட்கார்ந்து சீட்டைத் தடவிப் பார்ப்பதில்லையாம், படியேறும்போதே லிட்டருக்கு எவ்வளவு குடுக்கும் என்றுதான் கேட்கிறார்களாம். பெட்ரோல் விற்கிற விலையில் வேறு எதைக் கேட்பார்கள். ராஜாங்கம் வாங்கி அடுக்கியிருப்பதோ எல்லாம் குடிகார வண்டி. இதைத்தானே நீ அன்றைக்கே சொன்னாய். கம்மாபுரம் பழமலைநாதன் சுரங்கத்துக்கு நிலம் கொடுத்த பணத்தோடு வந்து நின்றபோது, இந்தப் பெரிய வண்டி உங்க போக்குவரத்துக்கு ஆகாதுங்க, டவுனுக்குள்ள ஒம்பது கிலோமீட்டர்கூட குடுக்காது, சின்னத எடுங்க என்று உள்ளதைச் சொன்னாய். அதுதான் நீ செய்த குற்றம். பின்னாலிருந்து கேட்டுவிட்டு அந்தப் பாவி, பக்கத்துக் கடைக்காரன்கிட்ட கமிஷன் வாங்கிக்கிட்டு எங்கடையில நின்னு பேசுறியா, கழட்டுடா கடைச் சட்டைய என்று அத்தனை பேர் முன்னால் கழற்ற வைத்தான்.

நீ பனியனோடு கடைவீதி வழியாக நடந்து வந்து வாசலில் நின்றாய். நான் உலையில் அரிசி போட்டுக்கொண்டிருந்தேன். அன்று வடித்த சோறு மூன்று பேரும் தொடாமல் அப்படியே போயிற்று. அதற்குப் பிறகு கமிஷன்காரன் என்று சொல்லி எந்தக் கடையிலும் உன்னைச் சேர்க்கவில்லை, உனக்குப் பேசியிருந்த திட்டக்குடிப் பெண் வீட்டாரும் தட்டை மாற்றாமலே நின்றுகொண்டார்கள், நீயும் விமானம் ஏறிவிட்டாய். இதை நான் மறந்துவிட வேண்டும் என்று உன் அப்பா சொல்கிறார். எனக்கு மறக்காது. நான் செத்தாலும் என் கட்டை அதை மறக்காது. பழமலைநாதன் கடைசியில் ராஜாங்கம் பேச்சைக் கேட்டு அந்தப் பெரிய வண்டியைத்தான் எடுத்தார். இப்போது அது புளியமரத்தடியில் நிற்கிறது, அவர் பெண்சாதி அதன்மேல் வடகம் காய வைக்கிறாள், அவர் டூவீலரில் போய்வருகிறார். பார்க்கிறவர்களிடமெல்லாம் அன்னைக்கே அந்தத் தம்பி சொன்னுது, நாந்தான் கேக்கல என்று அவரே சொல்கிறார்.

இப்போது நான் சொல்லப்போவதற்குக் கத்தாதே. ஆனி மாதம் ஒரு திங்கட்கிழமை மணவாளநல்லூர் போய்க் கொளஞ்சியப்பர் கோயிலில் ராஜாங்கத்தின் பேரில் பிராது கட்டிவிட்டு வந்தேன். கலெக்டருக்கு மனு எழுதுகிற மாதிரிதான் எழுதினேன், இன்ன ஊர் தங்கராசு மனைவி விருத்தாம்பாள் எழுதிக்கொள்வது, என் பிள்ளை பேரைக் கெடுத்து ஊரை விட்டு ஓட்டினவன் இன்னான், ஐயா நீங்கள்தான் விசாரிக்க வேண்டும் என்று. சாமி காலடியில் வைத்து வாங்கி, முனியப்பர் முன்னால் இருக்கிற வேலில் என் கையாலேயே நூல் சுற்றிக் கட்டினேன். நம் வீட்டிலிருந்து கோயில் எத்தனை கிலோமீட்டர் என்று கேட்டுத்தான் கட்டணம் போட்டார்கள். சாமிகூடக் கிலோமீட்டர் கணக்குப் பார்க்கிறார், இந்த ராஜாங்கத்துக்கு மட்டும் அது உறைக்கவில்லையே என்று நினைத்துச் சிரித்துக்கொண்டேன்.

உள்ளதைச் சொல்கிறேன், நான் பிராது கட்டியது ஆனியில், அவன் வியாபாரம் படுத்தது சித்திரையிலேயே. இது எனக்குத் தெரியும், தமிழ்மணிக்குத் தெரியும், கொளஞ்சியப்பருக்கும் தெரியும். அவனுக்கு மட்டும் தெரியாது, ஏனென்றால் பிராது கட்டிய சேதி அவனுக்குப் போய்ச் சேர்ந்ததே ஆவணியில்தான், எப்போது கட்டினேன் என்று யாரும் அவனுக்குச் சொல்லவில்லை. சேதி போகும்படி பார்த்துக்கொண்டதும் நான்தான். என்னோடு அகல் தேய்க்கிற கண்ணம்மாள் அவன் கடை வாட்ச்மேனுக்கு அக்கா. அவளிடம் யாருக்கும் சொல்லிவிடாதே என்று ரெண்டு தடவை சொல்லிச் சொன்னேன். அந்த வாரமே ஊர் முழுக்கப் பரவிவிட்டது.

புரட்டாசி கடைசியில் அவனே நம் வீட்டுக்கு வந்தான். காரில் இல்லை சாமி, ஸ்கூட்டரில் வந்தான். கார் விற்கிறவன் பெட்ரோலுக்குப் பயந்து ஸ்கூட்டரில் வந்து இறங்கினதைப் பார்க்க எனக்குக் கண்ணு ரெண்டு போதவில்லை. ஆப்பிளும் ஆரஞ்சும் பையில் கொண்டுவந்து வைத்தான். அப்பா பதறிப்போய் உக்காருங்க மொதலாளி என்று சேரைத் துடைத்துப் போட்டார், நான் அவரைப் பார்த்த பார்வையில் டீ போடுகிறேன் என்று உள்ளே போய்விட்டார். யக்கா, ஒரு வண்டிகூட நகர மாட்டேங்குது, வர்ற ஆளுங்க வாசல்வரைக்கும் வந்துட்டுத் திரும்பிப் போயிடுறாங்க, நீங்க கட்டுன பிராதுதான்னு எல்லாரும் சொல்றாங்க, அத வாபஸ் வாங்கி ராஜினாமா பண்ணிடுங்கக்கா, உங்களுக்குப் புண்ணியமாப் போவும் என்றான். பைனான்ஸ்காரன் கையை இறுக்கியது, மைலேஜ் கேட்டு ஜனங்கள் திரும்பிப் போவது, எதையும் நான் அவனுக்கு எடுத்துச் சொல்லவில்லை. நான் ஏன் சொல்ல வேண்டும். சாமி பண்றது நமக்கென்ன தெரியும் என்று மட்டும் சொன்னேன். தம்பிய வரச் சொல்லுங்க, மேனேஜராவே போடுறேன் என்றும் சொன்னான். மறுபடியும் உங்க கடைச் சட்டையப் போட எம்புள்ள வருவானா, மொதல்ல நீங்க எந்த எடத்துல நின்னு அவன அப்பிடிச் சொன்னீங்களோ அதே எடத்துல நின்னு இல்லைன்னு சொல்லுங்க, அப்பறம் வந்து ராஜினாமா பண்றேன் என்று சொல்லி, பழத்தையும் ஸ்கூட்டரிலேயே மாட்டி அனுப்பினேன்.

சொன்னான். ஐப்பசி முதல் வெள்ளிக்கிழமை, அந்தக் கண்ணாடிக் கட்டடத்துக்குள், பழமலைநாதனை வரவழைத்து, வேலையை விட்டு நிறுத்தின பிள்ளைகளையும் கூப்பிட்டு, தமிழ்மணி, வாட்ச்மேன், எதிர்த்த டீக்கடைக்காரர் எல்லாரும் நிற்க, நான் நல்ல புடவை கட்டிக்கொண்டு போய் நடுவில் நின்றேன். நெலவன் தம்பி கமிஷன் எதுவும் வாங்கல, உள்ளதத்தான் சொன்னுது, நாந்தான் தப்பாப் பேசி அனுப்பிட்டேன் என்று கையைக் கட்டிக்கொண்டு சொன்னான். எனக்கு நன்றாகவே கேட்டது. ஆனாலும் காதுல விழலையே என்றேன். மறுபடியும் சத்தமாகச் சொன்னான். தமிழ்மணி செல்லில் பிடித்து வைத்திருக்கிறான், உனக்கு அனுப்பச் சொல்லியிருக்கிறேன். நீ ஸ்டேட்டஸில் வைத்தாலும் எனக்கு ஆட்சேபணை இல்லை.

வாக்குக் கொடுத்தாயிற்று, போய்த்தானே ஆக வேண்டும். அடுத்த திங்கட்கிழமை கோயிலுக்குப் போனேன். அவன் பெண்சாதியோடு எனக்கு முன்னாலேயே வந்து, பூவும் தேங்காயும் வாங்கி வைத்துக்கொண்டு காத்திருந்தான். ராஜினாமா எழுதுகிற இடத்தில் உட்கார்ந்திருந்தவர் பேனாவை எடுத்துக்கொண்டு, கொற தீந்துடுச்சாம்மா என்று கேட்டார். எல்லாரிடமும் கேட்கிற கேள்விதான். ஆமாம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அவன் கடை கிடக்கிற கிடப்பைப் பார்த்துவிட்டேன், அவன் வாயாலேயே சொல்ல வைத்துவிட்டேன், ஊர் முழுக்கப் பேசிவிட்டது, இன்னும் என்ன குறை. ஆனால் மூன்று தீபாவளிக்கு உனக்கு எடுத்த சட்டை மூன்றும் பிரிக்காமல் பீரோவில் கிடக்கிறது. நானும் அப்பாவும் டிவியைப் பார்த்துக்கொண்டு பேசாமல் சாப்பிட்டு எழுந்திருக்கிறோம். தீரலைங்க என்றேன். அவர் பேனாவை மூடி வைத்துவிட்டார்.

ராஜாங்கத்துக்கு முகம் செத்துவிட்டது. இன்னும் என்னதாங்க்கா பண்ணச் சொல்றீங்க என்று கோயில் என்றும் பார்க்காமல் அழுகிற குரலில் கேட்டான். எம்புள்ள வந்து என் வூட்டுப் படிய மிதிக்கட்டும், அன்னைக்கே வந்து ராஜினாமா பண்ணிடுறேன் என்று சொல்லிவிட்டு, பஸ் ஏறி வந்துவிட்டேன். வாக்குத் தப்பிட்ட என்று அப்பா ரெண்டு நாள் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. பேசாவிட்டால் போகட்டும், நான் பொய் சொல்லவில்லையே.

அன்றிலிருந்து ராஜாங்கம் தினமும் போன் செய்கிறான். தம்பி எப்பங்க்கா வருது, லீவு சொல்லிடுச்சா, டிக்கெட்டு வெலை எறங்கியிருக்குதாமே என்று கேட்கிறான். நேற்று உன் நட்சத்திரம் என்ன என்று கேட்டான், நீ நல்லபடியாக ஊர் வந்து சேர வேண்டும் என்று பெரிய கோயிலில் உன் பேருக்கு அர்ச்சனை செய்யப் போகிறானாம். உத்திரட்டாதி என்று சொன்னேன். உன்னைப் பனியனோடு துரத்தினவன் இன்று உன் பேரையும் நட்சத்திரத்தையும் சொல்லி சாமி முன்னால் நிற்கிறான். இந்த ஊரில் நீ எப்போது வருவாய் என்று என்னைப் போலவே வழி பார்த்துக்கொண்டிருக்கிறவன் அவன் ஒருவன்தான். அவன் தவிக்கத் தவிக்க எனக்கு இனிக்கிறது நிலவா, பொய் சொல்லவில்லை. ஆனால் அவன் தவிப்பு நீண்டால் என் தவிப்பும் கூடவே நீள்கிறது, கோயிலில் நின்றபோது இதை நான் யோசிக்கவில்லை. அவனுக்கு எத்தனை மாதம் ஆனாலும் எனக்குப் பரவாயில்லை. எனக்கு ஆகாதுடா சாமி.

கொளஞ்சியப்பர் உன்னைக் கண்ணும் காலும் சுகமாக வைத்திருக்கட்டும், நீ நினைத்தது நடக்கட்டும், உன் பேர் எங்கேயும் தாழாமல் இருக்கட்டும். வெறும் வயிற்றில் டீ குடிக்காதே. பொங்கலுக்குள் வந்துவிடு. டிக்கெட் போட்டதும் முதலில் என்னிடம் சொல்லு, ராஜாங்கத்திடம் நீயாகச் சொல்லிவிடாதே. அவனுக்கு நான் சொல்லிக்கொள்கிறேன், ரெண்டு நாள் கழித்து.

உன் வருகையை வாசலில் பார்த்திருக்கும்
அம்மா விருத்தாம்பாள்